மலைமேல் இருந்த பள்ளி: நம் நாவில் வாழும் சமணச் சொற்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பாங்கோசை கேட்டதும் "பள்ளிக்குப் போய் வருகிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுகிறோம். ரமலான் வந்தால் "நோன்பு நோற்கிறோம்" என்கிறோம். இச்சொற்கள் அரபியிலிருந்து வந்தவை அல்ல. இஸ்லாம் தமிழகக் கரையை அடைவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் வழங்கியவை. அவற்றைத் தம் சமய வாழ்வின் சொற்களாக வழங்கியோருள் முதன்மையானவர்கள், இன்று மதுரை வட்டாரத்தில் கல்வெட்டுகளாகவும் கற்படுக்கைகளாகவும் மட்டுமே எஞ்சியிருக்கும் சமணர்கள். அவர்களுடைய மலை வாழ்வையும், அவர்களிடமிருந்து நாம் பெற்றதையும், பெற்றதற்காக நாம் பட்டிருக்கும் கடனையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்ப்பெயர் சொல்லும் பாடம்

வைகைக் கரையில், நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் பசுமை போர்த்திய ஊர் சோழவந்தான். "சோழன் இவ்வூரின் வளத்தைக் கண்டு உவந்தான், ஆகவே சோழன் உவந்தான் என்று பெயர் வந்தது" என்பது வாய்வழிக் கதை. கல்வெட்டுகளோ இவ்வூரைச் சோழாந்தக சதுர்வேதிமங்கலம் என்கின்றன. சோழாந்தகன் என்பது 10-ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் பட்டம். சோழனுக்கு எமன் என்பது அதன் பொருள். போர்வெறி மிகுந்த ஒரு பட்டப்பெயரை மக்களின் நாவு காலப்போக்கில் மகிழ்ச்சிக் கதையாக மாற்றிக்கொண்டது.

கதை ஒன்று சொல்லும். கல் வேறொன்று சொல்லும். வரலாற்றைப் படிப்போர் இரண்டையும் கேட்க வேண்டும். இப்பாடத்தை இன்னும் தெளிவாகக் கற்பிக்கும் ஊர் சோழவந்தானை அடுத்தே இருக்கிறது. அது திருவேடகம்.

7-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டில் சைவத்துக்கும் சமணத்துக்கும் இடையே நடந்த வாதத்தைச் சேக்கிழாரின் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. திருஞானசம்பந்தர் வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்று கரை ஒதுங்கிய இடமே திருவேடகம் என்பது சைவர்களின் நம்பிக்கை. வாதத்தில் தோற்ற சமணர்கள் எண்ணாயிரவர் கழுவேறினர் என்றும் அந்நூல் கூறுகிறது. அது அவர்களது பக்தி மரபு. அதை எடைபோடுவது நம் பணியன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டில், நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. "அத்துடன் மதுரையில் சமணம் முடிந்துவிட்டது" என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். மலைகளில் உள்ள கல்வெட்டுகள் அதை மறுக்கின்றன. அவற்றின்படி 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமணப் பள்ளிகள் உயிர்ப்போடு இயங்கிக்கொண்டிருந்தன.

குன்றின்மேல் ஒரு வாழ்வு

சோழவந்தானிலிருந்து தெற்கே நோக்கினால் நாகமலைத் தொடர் பாம்புபோல் நீண்டு கிடப்பதைக் காணலாம். அதன் கிழக்குப் புறத்தில், நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே கீழக்குயில்குடி இருக்கிறது. தாமரைக் குளமும் அதன் கரையில் அய்யனார் கோயிலும் மலையின் அடிவாரத்தில் உள்ளன. அந்த மலைதான் சமணர்மலை.

இம்மலையில் செட்டிப்புடவு என்ற இயற்கைக் குகையும், பேச்சிப்பள்ளம் என்ற சுனையை ஒட்டிய பாறைச் சரிவும் உள்ளன. இரண்டிலும் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். மலையின் மேல்தளத்தில் மாதேவிப் பெரும்பள்ளி என்ற கட்டடம் இருந்ததற்கான அடித்தளம் எஞ்சியிருக்கிறது.

அரண்மனையோ கோட்டையோ இல்லாத இம்மலையில் வாழ்ந்தவர்கள் துறவிகளும் மாணாக்கர்களும். மதுரைக் குன்றுகளின் பழைய குகைகளைப் பார்த்தவர்கள் அவர்களது வாழ்வை ஓரளவு ஊகிக்க முடியும். பாறையை வழுவழுப்பாகச் செதுக்கிய படுக்கை. தலைமாட்டில் தலையணைபோல் சற்றே உயர்த்திய கல். மழைநீர் உள்ளே வழியாமல் திருப்பிவிடக் குகையின் நெற்றியில் வெட்டிய காடி. அருகில் குடிநீருக்கு ஒரு சுனை. அவ்வளவே. உணவுக்கு அவர்கள் அடிவாரத்து ஊரையே சார்ந்திருந்தனர். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகிய நான்கும் சமணர் போற்றிய நால்வகைத் தானங்கள். ஊரார் உணவளித்தனர், பள்ளியார் கல்வி அளித்தனர். மலையும் ஊரும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இது வெறும் கற்பனையன்று. சமணர்மலையை ஒட்டிய பெருமாள்மலையில், முத்துப்பட்டி அருகே உள்ள ஒரு கல்வெட்டு, கனகவீரப் பெரியடிகள் என்ற துறவி குயிற்குடி ஊராரின் பெயரால் ஒரு திருமேனியைச் செய்வித்தார் என்று சொல்கிறது. குயிற்குடி என்பதே இன்றைய குயில்குடி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வயலில் உழைத்த அந்த மக்களின் தனிப்பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ஊரின் பெயர் பாறையில் நிற்கிறது. பள்ளியைச் சேர்ந்த சிவிகையார் அதைக் காக்க வேண்டும் என்றும் அக்கல்வெட்டு பொறுப்பை ஒப்படைக்கிறது. "இதைக் காப்பது யார்?" என்ற கேள்வியை அன்றே கேட்டு, விடையையும் எழுதிவைத்தார்கள்.

அதே கல்வெட்டில் கனகவீரர் தம் ஆசிரியரின் பெயரையும் அவருடைய ஆசிரியரின் பெயரையும் வரிசையாகச் சொல்கிறார். குரண்டி அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் குணசேனதேவர். அவருடைய மாணாக்கர் கனகவீரர். செட்டிப்புடவுக் கல்வெட்டிலும் இதே முறையில் கனகநந்தி படாரரில் தொடங்கி அபிநந்தன் படாரர் வரை ஆசிரிய வழி சொல்லப்படுகிறது. ஹதீஸ் கலையில் இஸ்னத் என்னும் அறிவிப்பாளர் தொடரையும், மதரசாக்களில் இன்றும் வழங்கப்படும் இஜாஸாவையும் அறிந்த நமக்கு இது வியப்பைத் தராமல் போகாது. "யாரிடம் கற்றாய்?" என்பதற்கு விடை சொல்ல இயலாதவரின் கல்விக்கு மதிப்பில்லை என்பதில் அவர்களும் நம் முன்னோரும் ஒத்தே இருந்தனர்.

பேச்சிப்பள்ளத்தில் ஒரு திருமேனியின் கீழுள்ள எழுத்து, அதைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்று அறிவிக்கிறது. அச்சணந்தி 9-ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் பல குன்றுகளில் பெயர் பொறிக்கப்பட்ட புகழ்வாய்ந்த துறவி. மகன் வீட்டைத் துறந்து போன பின்னரும், மகனின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்து நிறுத்திய அந்தத் தாயின் மனத்தைக் குடும்பஸ்தர்களாகிய நம்மால் உணர முடியும். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியார் எனப்படும் பெண் ஆசிரியர்களையும் காண்கிறோம். பெண் கற்பதும் கற்பிப்பதும் இம்மண்ணுக்குப் புதிதல்ல.

பள்ளி என்ற சொல்லின் பயணம்

மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டாரத்தில் மாங்குளம், மீனாட்சிபுரம் ஊர்களை ஒட்டிய மலைக் குகைகளில் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றை ஏறத்தாழ கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்கு உரியவை எனக் கணித்தார். நெடுஞ்செழியன் என்ற மன்னனின் பணியாளன் கடலன் வழுதி, நந்தசிரி என்ற துறவிக்கு உறைவிடம் அமைத்துத் தந்த செய்தி அங்கே இருக்கிறது. அந்த உறைவிடத்தைக் குறிக்க அக்கல்வெட்டு வழங்கும் சொல் "பளிஇய்". நாம் இன்று சொல்லும் பள்ளியின் பழைய வடிவம் அதுவே.

பள்ளி என்றால் படுக்கை. படுத்து உறங்கும் இடம். துறவியர் தங்கும் இடம் பள்ளியாயிற்று. அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததால் கற்கும் இடமும் பள்ளிக்கூடமாயிற்று என்பர் அறிஞர் பலர். அப்பள்ளிகளின் செலவுக்கு விடப்பட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். நம்முடைய வக்ஃபை நினைவூட்டும் ஏற்பாடு அது.

அரபு வணிகர்கள் தமிழகக் கடற்கரையில் குடியேறித் தொழுகைக்கு இடம் அமைத்தபோது, சுற்றியிருந்த தமிழர்கள் அதை எப்படி அழைத்தார்கள்? திருப்புல்லாணிக் கோயிலில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு அதற்கு விடை தருகிறது. பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் இருந்த பிழார்ப் பள்ளி எனப்பட்ட சோனகச் சாமந்தப் பள்ளிக்கு மன்னன் மானியம் வழங்கிய செய்தியை அது கூறுகிறது. சோனகர் என்பது முஸ்லிம்களைக் குறித்த பழந்தமிழ்ச் சொல். வைணவக் கோயிலின் சுவரில், முஸ்லிம்களின் தொழுமிடத்துக்குப் பாண்டியன் அளித்த கொடை பதிவாகியிருக்கிறது. அந்தத் தொழுமிடத்தைக் குறிக்கும் சொல்லோ, நெடுங்காலம் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்து வந்த சொல். கேரளத்தில் கிறிஸ்தவர்களும் தம் ஆலயத்தைப் பள்ளி என்றே அழைக்கின்றனர்.

மஸ்ஜித் என்ற அரபுச் சொல் நம் முன்னோருக்குத் தெரியாததன்று. இருந்தும் அண்டை வீட்டாருக்குப் புரியும் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். சிலைகளற்ற, ஏக இறைவனை மட்டும் வணங்கும் இடத்துக்கு அச்சொல்லைச் சூட்டி, அதற்குப் புதிய பொருளை ஊட்டினார்கள்.

நோன்பும் அவ்வாறே. மேற்சொன்ன அட்டோபவாசி என்ற பெயரே எட்டு உபவாசம் இருப்பவர் என்னும் பொருள் தருவது. சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்து வரும் சமணத் துறவி கவுந்தியடிகள், இறுதியில் உண்ணா நோன்பிருந்தே உயிர் துறக்கிறார். இஸ்லாம் இவ்வகை நோன்பை ஏற்பதில்லை. உயிரைப் போக்கிக்கொள்வது விலக்கப்பட்டது. இடைவிடாமல் தொடர்ந்து நோற்பதையும் நபி (ஸல்) அவர்கள் தம் சமுதாயத்துக்குத் தடுத்தார்கள். நம் நோன்பு மஃக்ரிபில் நிறைவுறுகிறது. பேரீச்சையும் தண்ணீரும் நோன்புக் கஞ்சியும் அதைத் திறக்கின்றன. சொல் ஒன்று, பொருள் வேறு. சொல்லைக் கடன் பெறுவதால் கொள்கை கலந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஸ்பெயின் மலைகளில் நம் சொற்கள்

இதே கதையை இப்போது மறுபக்கத்திலிருந்து பார்ப்போம். மதுரையில் மறைந்துபோனவர்கள் சமணர்கள். அவர்களுடைய சொற்களைக் காத்திருப்பவர்களுள் நாமும் இருக்கிறோம். தென் ஐரோப்பாவில் மறைந்துபோனவர்கள் முஸ்லிம்கள். சொற்களைக் காத்திருப்பவர்கள் பிறர்.

ஸ்பெயினின் தெற்கே, கிரனாடா நகருக்கு அப்பால், சியரா நெவாடா மலைச்சரிவில் அல்புஹாரா என்ற பகுதி உள்ளது. கபிலேய்ரா, புபியோன், பம்பனேய்ரா போன்ற சிற்றூர்கள் அங்கே மலை விளிம்பில் அடுக்கடுக்காக நிற்கின்றன. தட்டைக் கூரை வீடுகள், குறுகிய சந்துகள், படிப்படியாக வெட்டிய வயல்கள், பனி உருகும் நீரை வயலுக்குக் கொண்டுவரும் வாய்க்கால்கள் என யாவும் அந்தலூசிய முஸ்லிம் உழவர்களின் முத்திரையைத் தாங்கியவை.

1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. சமய உரிமை காக்கப்படும் என்று எழுதித் தந்த உடன்படிக்கை பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. வலிந்து மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்கள் மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். 1567-இல் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை அவர்களுடைய அரபு மொழியையும் உடையையும் வழக்கங்களையும் தடை செய்தது. 1568-இல் அல்புஹாராவில் கிளர்ச்சி வெடித்தது, 1571-க்குள் ஒடுக்கப்பட்டது. கிரனாடா மொரிஸ்கோக்கள் ஊர் ஊராகப் பெயர்க்கப்பட்டுச் சிதறடிக்கப்பட்டனர். இறுதியில் 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் ஸ்பெயினை விட்டே வெளியேற்றப்பட்டனர்.

மக்கள் போனார்கள்; சொற்கள் போகவில்லை. ஸ்பெயின் உழவர் இன்றும் வாய்க்காலை அசெக்கியா என்கிறார். அது அரபியின் ஸாகியா. நீர்த்தொட்டியை அல்பெர்க்கா என்கிறார், அது அல்பிர்கா. ஒலிவக் காயை அசெய்த்தூனா என்கிறார், அது ஸைத்தூன். நல்லது நடக்க வேண்டும் என்று விரும்பும்போது அவர் சொல்லும் ஓஹாலா என்ற சொல்லுக்குள்ளே அல்லாஹ்வின் திருநாமமே மறைந்திருக்கிறது. சொல்பவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது.

அந்த வாய்க்கால்களை இன்று தூர்வாரிக் காக்கும் ஸ்பெயின் உழவரைக் கண்டால் நம் மனம் நன்றியால் நிறைகிறது. அவர் நம் சமயத்தவர் அல்லர். எனினும் நம் முன்னோரின் உழைப்பை அழியவிடாமல் வைத்திருக்கிறார். அப்படியானால் நாகமலையைச் சூழ்ந்து வாழும் நம்மைக் குறித்துச் சமண சமயத்தவர் ஒருவர் என்ன எண்ணுவார்? வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடமும் இருக்கிறது. தம் முன்னோரின் கற்படுக்கையில் ஓர் இளைஞன் தன் பெயரை ஆணியால் கீறியிருப்பதை அவர்கள் காண நேர்ந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்?

வணங்குவது வேறு, காப்பது வேறு

"சிலைகள் உள்ள இடம், அதைக் காப்பதில் நமக்கென்ன பங்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தவ்ஹீதில் நமக்கு விட்டுக்கொடுத்தல் இல்லை. அவ்வுருவங்களை நாம் வணங்குவதில்லை, வணங்கவும் இயலாது. ஆனால் பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று திருக்குர்ஆன் 6:108-இல் நமக்குக் கட்டளை இருக்கிறது. ஏசுவதே கூடாதென்றால் சிதைப்பது எப்படிக் கூடும்? 22:40-ஆம் வசனம் துறவியர் மடங்களையும் கிறிஸ்தவ, யூத ஆலயங்களையும் மஸ்ஜிதுகளையும் ஒரே தொடரில் வைத்துப் பேசுகிறது. மனிதர்களில் சிலரைக் கொண்டு சிலரை அல்லாஹ் தடுத்திராவிட்டால் அவையெல்லாம் இடிக்கப்பட்டிருக்கும் என்பது அதன் கருத்து. இறைவனின் பெயர் நினைவுகூரப்படும் இடங்களைப் பற்றிய வசனம் அது. சமணத்தை நேரடியாகச் சுட்டவில்லை. ஆயினும் பிற சமயத்தாரின் இடங்கள் இடிபடாதிருப்பதை இறையருளாகக் காணும் மனப்பாங்கை அது நமக்குக் கற்பிக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் ஜெரூசலத்தில் கிறிஸ்தவர்களின் பெரிய தேவாலயத்துக்குள் தொழ மறுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். தாம் அங்கே தொழுதால், பின்வரும் முஸ்லிம்கள் அதையே காரணமாக்கி அவ்விடத்தை எடுத்துக்கொள்ளக்கூடும் என்று அஞ்சினார்களாம். பிறருடைய உரிமையை அவர்களுக்காக முன்கூட்டியே சிந்தித்த தலைமை அது.

இன்று நம்முன் உள்ளது

மதுரைக் குன்றுகளுக்குப் போர்களைவிடப் பெரிய கேடு கல் உடைக்கும் தொழிலால் வந்தது. கிரானைட்டுக்காக வெட்டப்பட்ட மலைகளை மேலூர் வட்டாரம் கண்ணெதிரே இழந்திருக்கிறது. சமணர்மலையைக் காக்கவும் ஊர் மக்கள் போராட வேண்டியிருந்தது. மாங்குளம் கல்வெட்டுகள் உள்ள மீனாட்சிபுரத்தையும் அதை அடுத்த அரிட்டாபட்டியையும் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. எனினும் 2024 நவம்பரில் அவ்வட்டாரம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு உள்ளாயிற்று. மக்கள் திரண்டனர், சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பள்ளி என்ற சொல்லின் மிகப் பழைய எழுத்துச் சான்று நிற்கும் வட்டாரம் அன்று மயிரிழையில் தப்பியது.

மலை ஒருமுறை உடைந்தால் மீண்டும் முளைக்காது. எனவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அக்கல்வெட்டுகளைக் காட்டலாம். பாறையில் ஒரு கீறலும் இடக்கூடாது, சுனையில் குப்பை போடக்கூடாது என்று அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம். ஜமாஅத்துகளும் மதரசாக்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இத்தகைய பயணத்தை ஏற்பாடு செய்யலாம். பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பாருங்கள் என்று திருமறை பலமுறை அழைப்பது நம்மைத்தான். குன்றைக் காக்க ஊரார் கூடும்போது நாமும் முன்வரிசையில் நிற்க வேண்டும்.

நம் பழைய பள்ளிவாசல்களும் கபரஸ்தான்களும் பெரும்பான்மைச் சமூகத்தின் நடுவே, அவர்களது நல்லெண்ணத்தோடு பல நூற்றாண்டுகளாக நிலைத்து வந்திருக்கின்றன. நமக்கு உரியது காக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நமக்கு உரியதல்லாததையும் காக்க முன்வரும்போது அந்தக் குரலுக்கு வலிமை கூடும்.

அடுத்த முறை "பள்ளிக்குப் போகிறேன்" என்று சொல்லும்போது ஒரு கணம் நாகமலையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை நமக்குமுன் சுமந்தவர்கள் அந்தக் கற்படுக்கைகளில் உறங்கினார்கள்.

யா அல்லாஹ்! முன்சென்றோரிடமிருந்து படிப்பினை பெறுவோராக எங்களை ஆக்குவாயாக! அமானிதங்களைப் பேணுவோராக எங்களையும் எங்கள் சந்ததியினரையும் ஆக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.